வாடகை வீட்டில் வாட் மீட்டர்: வாங்கலாமா, இரவல் போதுமா?

மின்சாரத்தை மிச்சப்படுத்துவது பற்றி எழுதுகிறவர்கள் அத்தனை பேருக்கும் சொந்த வீடு இருக்கும் போலிருக்கிறது. கூரையில் சோலார் தகடு போடுங்கள், சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி மாற்றுங்கள், சுவரில் வெப்பம் இறங்காதபடி ஏதாவது செய்யுங்கள் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். நான் வாடகைக்கு இருப்பவள். கூரை என்னுடையதில்லை, சுவரும் என்னுடையதில்லை. ஆணி அடிப்பதென்றால்கூட ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மின் கட்டணம் மட்டும் முழுக்க முழுக்க என்னுடையது.

அதனால் வீட்டுக்குப் பொருள் வாங்குவதில் எனக்கென்று ஒரு கணக்கு உண்டு. கழற்றினால் தடம் தெரியக் கூடாது. வீடு மாறும்போது அட்டைப்பெட்டியில் ஒரு மூலையில் அடங்க வேண்டும். இந்தக் கணக்குக்குள் நான் வாங்கியவற்றில் அதிகம் உழைத்தது, பிளக்கில் செருகும் வாட் மீட்டர்தான். பிராண்ட் பெயரைச் சொல்லவில்லை. ஒரே மாதிரிப் பெட்டி நாலைந்து லேபிள்களில் விற்கிறது, எந்த லேபிளை வாங்கினாலும் கீழே சொல்லப்போவது ஏறக்குறைய பொருந்தும்.

கைக்கு அடக்கமான பெட்டி. பின்பக்கம் பிளக், முன்பக்கம் சாக்கெட். சுவரில் அதைச் செருகி, எதை அளக்க வேண்டுமோ அதை அதன்மேல் செருக வேண்டும். சின்னத் திரையில் வோல்ட், ஆம்பியர், வாட், பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் எத்தனை பங்கு நிஜ வாட் என்பது), இதுவரை செலவான யூனிட், எவ்வளவு நேரம் ஓடியது என்று வரிசையாக வரும். இதில் இரண்டைப் பார்த்தால் போதும். வாட் என்பது இந்த நொடியில் எவ்வளவு இழுக்கிறது என்பது. யூனிட் என்பது மொத்தமாக எவ்வளவு தின்றது என்பது. 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பில்லில் வருவதும் அதே யூனிட்தான்.

எந்த அளவுகருவியையும் வாங்கிய கையோடு நம்பிவிடக் கூடாது என்பது என் கட்சி. சரிபார்க்க ஆய்வகம் வேண்டாம், ஒரு மின் கெட்டில் போதும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4.19 கிலோஜூல் ஆகும். 25 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக 314 கிலோஜூல். ஒரு யூனிட் என்பது 3600 கிலோஜூல். வகுத்துப் பார்த்தால் 0.087 யூனிட். எந்தக் கெட்டிலும் இதற்குக் கீழே போக முடியாது. கெட்டிலே சூடாவது, ஆவியாகப் போவது எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கூடத்தான் ஆகும். என் மீட்டர் 0.10 காட்டியது. 0.07 காட்டியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன், 0.15 காட்டியிருந்தாலும்தான்.

இன்னொரு சோதனை எல்.இ.டி. பல்பு. 9 வாட் என்று அச்சிட்ட பல்பை ஒரு மேசை விளக்கில் போட்டுச் செருகினேன். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் 16 வருகிறது, ஆனால் வாட் இடத்தில் 8.8 என்றும் பவர் ஃபேக்டர் 0.55 என்றும் காட்டுகிறது. இது சரியான விடை. எல்.இ.டி. போன்றவை மின்னோட்டத்தை ஒரே சீராக இழுப்பதில்லை. வெறுமனே வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிக் காட்டும் மட்டமான மீட்டர்கள் இந்த இடத்தில் கோட்டை விடும். பெட்டியின் மேல் பவர் ஃபேக்டர் என்ற வார்த்தையே இல்லாவிட்டால் அந்த மீட்டரைத் தொட வேண்டாம்.

சரி, வீட்டைச் சுற்றி வந்தபோது என்ன தெரிந்தது?

முதலில், போன் சார்ஜர். போனைக் கழற்றிய பிறகு சார்ஜரையும் பிடுங்கி வையுங்கள் என்று சொல்லாத ஆளில்லை. என் சார்ஜர் சும்மா செருகியிருக்கும்போது மீட்டர் 0.0 காட்டியது. இவ்வளவு குறைந்த அளவில் மீட்டரை நம்ப முடியாதுதான். தாராளமாக 0.1 வாட் என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8760 மணி நேரம், பெருக்கினால் 0.88 யூனிட். ஒரு 15 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற 0.44 யூனிட் ஆகிறது. அதாவது ஆண்டு முழுக்க சார்ஜரைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து மிச்சம் பிடித்தது இரண்டு வாளி வெந்நீரில் போய்விடும். பிடுங்குவதில் தப்பில்லை. அதைச் செய்துவிட்டு, பூமிக்கு நம் பங்கைச் செய்தாயிற்று என்று உட்கார்ந்துவிடுவதுதான் இடிக்கிறது.

தொலைக்காட்சியை ரிமோட்டில் அணைத்தால் 0.4 வாட். அதுவும் பரவாயில்லை. ஆனால் அதன் கீழே உட்கார்ந்திருக்கும் செட்டாப் பாக்ஸ் படம் ஓடும்போது 11.4 வாட், ரிமோட்டில் அணைத்தால் 10.1 வாட். பச்சை விளக்கு சிவப்பாக மாறியதைத் தவிர உள்ளே ஒன்றுமே மாறவில்லை! இப்படியே விட்டுவைத்தால் ஆண்டுக்கு 88 யூனிட். நூறு சார்ஜருக்குச் சமம்.

ஏன் இந்த வித்தியாசம் என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. காத்திருக்கும் நிலையில் எந்தச் சாதனமும் 1 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்ற திட்டத்தை சர்வதேச எரிசக்தி முகமை 1999இல் முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதைச் சட்டமாக்கி, 2013 முதல் சாதாரணக் காத்திருப்புக்கு வரம்பை 0.5 வாட் ஆக்கியது. உலகச் சந்தைக்குச் செய்கிறவர்கள் பலரும் அதை ஒட்டியே தயாரிக்கிறார்கள். ஆனால் வலையமைப்பில் இணைந்தபடியே காத்திருக்க வேண்டிய பெட்டிகளுக்கு வரம்பு தனி, அது தளர்வானதும்கூட. புதிய தொலைக்காட்சி சாதுவாகவும் அதன் துணைப்பெட்டி பேயாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நான் செய்தது, சுவிட்ச் வைத்த ஒரு நீட்டிப்புப் பலகை. படுக்கப் போகும்போது ஒரு தட்டு. மறுநாள் பெட்டி விழித்தெழக் கொஞ்ச நேரம் எடுக்கும், என் மாமியார் பொறுமை இழப்பார், அவ்வளவுதான். ரவுட்டர் 7 வாட் இழுக்கிறது. அதையும் அணைக்கலாம், நான் அணைப்பதில்லை. எல்லாவற்றிலும் வீராப்பு காட்ட முடியாது.

துணி துவைக்கும் இயந்திரத்தில் தெரிந்தது அந்த வாளி வெந்நீரின் கதைதான்: குளிர்ந்த நீரில் ஓட்டினால் 0.15 யூனிட் அளவில் முடிகிறது, 60 டிகிரியில் வைத்தால் ஒரு யூனிட்டை நெருங்குகிறது. டிரம்மைச் சுழற்றுவது மலிவு, தண்ணீரைச் சுடவைப்பதுதான் செலவு.

இப்போது ஃபிரிட்ஜுக்கு வருகிறேன். இந்த மீட்டர் தன் விலையை எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தது அங்கேதான்.

வீட்டோடு வந்த ஃபிரிட்ஜ். ஓனருடையது, பழசு. குடிவந்த புதிதில், "சார், ஃபிரிட்ஜ் ரொம்ப நேரம் ஓடிக்கிட்டே இருக்கு" என்று சொன்னேன். "ஓடுதில்ல? அப்புறம் என்னம்மா?" என்றார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம்தான். ஃபிரிட்ஜ் வாங்கும் செலவு அவருடையது, அது தின்னும் மின்சாரம் என்னுடையது. மிச்சமாகும் காசு யாருக்குப் போகிறதோ அவர் செலவழிக்கும் நிலையில் இல்லை. செலவழிக்கக் கூடியவருக்கு ஒரு பைசா மிச்சமாவதில்லை. வாடகை வீடுகளில் பழைய சாதனங்கள் மாறாமலே கிடப்பதற்கு இந்த முடிச்சுதான் காரணம் என்று பொருளியல்காரர்களும் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள்.

ஃபிரிட்ஜை அளப்பதில் ஒரு விஷயம். வாட் எண்ணைப் பார்த்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. கம்ப்ரஸர் ஓடும்போது ஓர் எண், நிற்கும்போது ஏறக்குறைய பூஜ்யம், பனி உருக்கும் ஹீட்டர் விழித்தால் திடீரென்று சில நூறு வாட். குறைந்தது ஒரு முழு நாள், முடிந்தால் சில நாள் விட்டு, யூனிட்டை மணிக் கணக்கால் வகுக்க வேண்டும். என்னுடையது ஓடும்போது 110 வாட். ஒரு நாளைக்கு 2.1 யூனிட். கணக்குப் போட்டால் கம்ப்ரஸர் நாளில் ஐந்தில் நான்கு பங்கு நேரம் ஓடியிருக்கிறது. இளைப்பாற நேரமே இல்லை.

ஏன் என்று பார்க்க, ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தேன். மேலே இறுக்கமாகப் பிடித்தது. கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம், கீழ் மூலையில் தாள் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் கதவு ரப்பர் அந்த இடத்தில் விறைத்து, மடிப்பு விரிந்து, காந்தப் பட்டை ஒட்டாமல் நிற்கிறது. அந்த மூலைக்கு நேர் உள்ளே எப்போதும் வியர்த்திருந்ததற்கும் இப்போது அர்த்தம் புரிந்தது. வெளிக்காற்றின் ஈரம் அங்கே நுழைந்து குளிர்ந்துகொண்டிருந்திருக்கிறது. போதாததற்கு ஃபிரிட்ஜின் முதுகு சுவரோடு ஒட்டி, கம்பிக்கூடு முழுக்கத் தூசி. உள்ளேயிருந்து எடுக்கும் வெப்பத்தை அந்தக் கூடு வழியாகத்தான் வெளியே தள்ள வேண்டும்.

தூசி தட்டினேன், சுவரிலிருந்து ஒரு கை அளவு நகர்த்தினேன். பெரிய எண்ணில் நின்ற குமிழைக் குறைத்து, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து உள்ளே 4 டிகிரி இருக்கும்படி வைத்தேன். உறைபெட்டிக்கு மைனஸ் 18 போதும். அதற்குமேல் குளிர வைப்பது வீண். மீட்டரின் திரையைப் போனில் படம் எடுத்து ஓனருக்கு அனுப்பினேன். "சார், ஒரு நாளைக்கு 2.1 யூனிட். ரப்பர் போயிருக்கு. இப்படியே ஓடினா கம்ப்ரஸரும் சீக்கிரம் போயிடும்" என்று எழுதினேன். கம்ப்ரஸர் என்ற வார்த்தை வேலை செய்தது. அது போனால் செலவு அவருடையது அல்லவா? "ரப்பர் மாத்திக்கலாம்மா, ஆள் அனுப்புறேன். ஃபிரிட்ஜ் மாத்துறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

எல்லாம் முடிந்து மறுபடி அளந்தபோது நாளுக்கு 1.5 யூனிட். இதே அளவில் நல்ல புது ஃபிரிட்ஜ் இதில் பாதியைக்கூடத் தொடாது, அது தெரியும். ஆனாலும் நாளுக்கு 0.6 என்றால் ஆண்டுக்கு 219 யூனிட். இருநூற்றைம்பது சார்ஜர்! ஒரு ரப்பரைத் தவிர எதையும் புதிதாக வாங்காமல், எதையும் குப்பையில் போடாமல். வாடகைக்காரர் ஓனரிடம் பேசும்போது கையில் ஓர் எண் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. "ரொம்ப ஓடுது" என்றால் அது புகார். 2.1 என்றால் அதை அவர் மறுக்க வேறொரு எண் கொண்டுவர வேண்டும்.

இனி இந்தப் பெட்டியின் குறைகள். கொஞ்சம் நீளமாகவே சொல்லலாம்.

பெரிய குறை, பிளக் இல்லாததை இதனால் அளக்க முடியாது. கூரை விசிறி, சுவரோடு இணைத்த வெந்நீர் ஹீட்டர், ஏ.சி. எல்லாம் கணக்கில் வராது. அதிகம் தின்கிறவை பெரும்பாலும் இவைதான். இதற்கு ஓர் இலவச மாற்று உண்டு. உங்கள் வீட்டு மின்மீட்டர் டிஜிட்டல் என்றால் அதில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்தில் 3200 இம்ப்/கிலோவாட் மணி என்பதுபோல் எழுதியிருக்கும். யூனிட்டுக்கு 3200 மினுக்கு என்று பொருள். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அளக்க வேண்டியதை மட்டும் ஓடவிட்டு, ஒரு மினுக்குக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நொடி என்று பாருங்கள். 1125ஐ அந்த நொடியால் வகுத்தால் வாட். 1600 என்று எழுதியிருந்தால் 2250ஐ வகுக்க வேண்டும். என் கூடத்து விசிறி முழு வேகத்தில் 15 நொடிக்கு ஒரு மினுக்கு, 75 வாட். தெரிந்தவர் வீட்டில் இருப்பது பி.எல்.டி.சி. விசிறி, அதாவது குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் வைத்தது. அதில் 40 நொடி காத்திருக்க வேண்டியிருந்தது, 28 வாட். விசிறி கழற்றக் கூடியதுதானே. ஓனரின் விசிறியைத் துணி சுற்றிப் பரணில் வைத்துவிட்டு நம்முடையதை மாட்டலாம், காலி செய்யும்போது பழையதையே மாட்டிக் கொடுத்துவிடலாம். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வது நல்லது.

வெந்நீர் ஹீட்டரை ஓடவிட்டால் அந்த விளக்கு விடாமல் படபடவென்று துடிக்கும். அதைப் பார்த்த பிறகுதான் குளியலறை ஷவர் தலையை மாற்றினேன். பழையதில் 10 லிட்டர் வாளி 40 நொடியில் நிரம்பியது, நிமிடத்துக்கு 15 லிட்டர். புதியது 8 லிட்டர். ஐந்து நிமிடக் குளியலில் 35 லிட்டர் மிச்சம். தண்ணீரை 20 டிகிரி சூடேற்றிக் குளிக்கிறவர் என்றால் 0.8 யூனிட்டும் மிச்சம். சார்ஜரின் ஓராண்டுக் கணக்கு ஏறக்குறைய ஒரே குளியலில் வந்துவிட்டது பாருங்கள். ஷவர் தலையும் கையால் திருகிக் கழற்றுகிற சாமான்தான்.

மறுபடி மீட்டருக்கு. திரைக்கு உள்வெளிச்சம் கிடையாது. சாக்கெட்டுகள் தரையை ஒட்டி, ஃபிரிட்ஜுக்கும் கட்டிலுக்கும் பின்னால்தான் இருக்கின்றன. நிமிர்ந்து நின்று பார்த்தால் எண்கள் மறைந்துவிடும், நேர்ப்பார்வையில்தான் தெரியும். ஆகவே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தரையில் குப்புறப் படுக்க வேண்டும். பெட்டி அகலமாக இருப்பதால் பக்கத்து சாக்கெட்டையும் அடைத்துக்கொள்கிறது. கணக்கை அழிக்கும் பொத்தான் அடுத்த பக்கத்துக்குப் போகும் பொத்தானை ஒட்டியே இருக்கிறது. எந்த மகானுபாவர் வடிவமைத்தாரோ. மின்தடை வந்தால் கணக்கு நினைவிருப்பது உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியின் தயவில்தான்.

யூனிட் விலையை உள்ளிட்டால் செலவைக் காட்டும் என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு விலையைத்தான் உள்ளிட முடியும். பயன்பாடு கூடக்கூட விலை ஏறும் படிநிலைக் கட்டணம் உள்ளவர்களுக்கு அந்த எண் உதவாது. கரியமில வாயு எவ்வளவு என்றும் ஒரு பக்கம் வருகிறது. நீர்மின்சாரமா நிலக்கரியா என்று மீட்டருக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கத்தை நான் திறப்பதே இல்லை.

வைஃபை வைத்த ஸ்மார்ட் பிளக் வாங்கினால் குப்புறப் படுக்க வேண்டாம், போனிலேயே வரைபடம் வரும். வசதிதான். ஆனால் செயலி, கணக்கு, கடவுச்சொல் எல்லாம் வேண்டும். அதுவே நாள் முழுக்க ஒரு வாட் அளவில் இழுத்துக்கொண்டிருக்கும். ஆளுக்கு நாலு வாங்கி வீடெங்கும் செருகி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

வாங்கலாமா என்றால், தனியாக ஒரு வீட்டுக்கு வேண்டாம் என்பதுதான் என் தீர்ப்பு. ஒரு சுற்று அளந்து முடித்த பிறகு இதற்கு வேலை மிகக் குறைவு. புதிதாக ஏதாவது வாங்கினாலோ வீடு மாறினாலோதான் மறுபடி எடுப்பீர்கள். மற்ற நாளெல்லாம் இழுப்பறையில் கிடக்கும் இதுவும் ஒரு நாள் மின்குப்பைதான். அமெரிக்கா, ஜெர்மனி போன்ற நாடுகளில் சில பொது நூலகங்களே இதைப் புத்தகம்போல இரவல் தருகின்றன. உங்கள் ஊரில் அப்படி இல்லையென்றால், ஒரு குடியிருப்புக்கு ஒன்று போதும். என்னுடையது மாடிவீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருக்கிறது. புதிய, நல்ல சாதனங்களோடு சொந்தமாகக் குடிவந்தவர்களுக்கு இது தேவையே இல்லை. ஓனரின் பழைய சாமான்களோடு குடித்தனம் செய்கிறவர்கள் கட்டாயம் ஒரு முறை அளந்து பார்க்க வேண்டும்.

வாங்குவதானால் மூன்று விஷயம் பாருங்கள். அதில் எழுதியிருக்கும் ஆம்பியர் அளவு, நீங்கள் செருகப்போகும் மிகப் பெரிய சாதனத்தைத் தாங்க வேண்டும். 10 ஆம்பியர் மீட்டரில் 3000 வாட் ஹீட்டரைச் செருகினால் பெட்டி சூடாகி உருகக்கூடும். நீட்டிப்புப் பலகையின்மேல் பலகையாகச் சேர்த்து அதன் நுனியில் மாட்டுவதும் ஆபத்து. அடுத்து, உங்கள் நாட்டுப் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்பது. மூன்றாவது, யூனிட்டை எத்தனை தசம இடம் வரை காட்டுகிறது என்பது. ஒரே தசமம்தான் என்றால் கெட்டில் சோதனையே செய்ய முடியாது, ஃபிரிட்ஜில் ரப்பர் மாற்றிய வித்தியாசம் தெரியவும் நாள் கணக்காகும். குறைந்தது இரண்டு தசம இடம் வேண்டும், மூன்று இருந்தால் உத்தமம்.